விளக்குக் கண்ணாடியில் சந்தனம்

அந்தப் பெட்டியைப் பார்த்தால் யாரும் ஆராய்ச்சிக் கருவி என்று சொல்லமாட்டார்கள். கறுப்பு பெயிண்ட் அடித்த பிளைவுட் பெட்டி. ஒரு ஆள் காலை மடக்கி உட்கார்ந்தால் கொள்ளும். கதவின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டியிருக்கும், வெளி வெளிச்சம் உள்ளே கசியக் கூடாது என்பதற்காக. உள்ளே ஒரு விளக்கு. அதற்கு முன்னால் வட்டமாக ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு எதிரே உப்புத் தண்ணீர் ஊற்றிய சின்னக் கிண்ணம். விளக்குக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு மோட்டாரில் ஏறி இறங்கும். அதனால் வெளிச்சம் விட்டுவிட்டு விழும். டக், டக் என்று நாளெல்லாம் அந்தச் சத்தம்தான். சுற்றிலும் இரும்பு உருக்குகிற ஆலைகள், தகடு வெட்டுகிற பட்டறைகள், லாரிகள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் எனக்கு அந்தச் சின்னச் சத்தம் தனியாகக் கேட்கும். நின்றால் உடனே தெரிந்துவிடும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது திட்டம் போட்டு அல்ல. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பொதட்டூர்பேட்டையில் தறிக்கு நூல் சுற்றினேன். கல்யாணம் ஆனது, ஓடவில்லை. அதற்குப் பிறகு இறால் உரிக்கும் கொட்டகை, ஷூ தைக்கும் கம்பெனி, ஆர்.கே.பேட்டையில் ஒரு அரிசி மில். எங்கேயும் இரண்டு பொங்கல் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. யாரும் துரத்தவில்லை. எனக்கே கால் தரிக்காது, ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இது பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை, அப்படித்தான் இருந்தது. தொழிற்பேட்டையில் தண்ணீர் டேங்க் செய்கிற கம்பெனி ஒன்றுக்குக் கூட்டிப் பெருக்கப் போனேன். அதன் பின்பக்கத்தில் ஒரு ஹாலை முதலாளி தன் உறவுக்காரப் பெண்மணிக்கு விட்டிருந்தார். அவரை எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஒல்லியாக, எப்போதும் பருத்திப் புடவையில், சாப்பிட மறந்துபோன முகத்தோடு இருப்பார். கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார். உடையாமல் கழுவினேன். அங்கேயே இருந்துவிட்டேன்.

கழுவுவதைத் தவிர இன்னொரு வேலையும் கொடுத்தார். ஒரு குடுவையில் ஏதேதோ மருந்துகளைக் கலந்து, காற்று புகாமல் நைட்ரஜன் விட்டுக் கொதிக்கவைப்பார். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் இறக்கி நீல விளக்கின் அடியில் பிடித்தால் பச்சையாக ஒளிரும். இன்னும் கொதித்தால் மஞ்சள், அதற்கு மேல் ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. மருந்து ஒன்றுதான், உள்ளே இருக்கிற துகள் வளர வளர நிறம் மாறுகிறது என்றார். குவாண்டம் டாட் என்று அதற்குப் பெயர். எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாத அளவு சின்னது. விஷம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஆரஞ்சுக்கு வந்ததும் நிறுத்தச் சொல்வார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வேலை.

அந்தத் துகளை ஒரு கண்ணாடித் தகட்டில் பூசுவார். அதன்மேல் வெளிச்சம் பட்டால் துளி கரண்ட் வரும். கம்ப்யூட்டர் திரையில் கோடு மேலே ஏறும். வெளிச்சம் நின்றால் கோடு இறங்கும். தகட்டின் மேல் இன்னொரு பூச்சும் உண்டு. ஈரலில் புற்று வந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடுமாம். அந்தப் புரதத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிற பூச்சு. புரதம் வந்து உட்கார்ந்தால் அது கரண்ட்டுக்கு வழியை அடைக்கும். கோடு முன்பு போல ஏறாது. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு புரதம். வயிறு வீங்குவதற்கு முன்பே, கண் மஞ்சளாவதற்கு முன்பே, ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிட வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத ஊர்களிலும் தெரிய வேண்டும் என்பது மேடத்தின் எண்ணம். ஏன் ஈரல், ஏன் அந்தப் புரதம் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

விளக்குக்குப் பொறுப்பு பாய். டேங்க் கம்பெனியின் எலக்ட்ரீஷியன். பழவேற்காட்டுக்காரர். அண்ணன்மார் கருவாட்டு வியாபாரம் பார்த்தார்கள், இவருக்கு வியாபாரம் ஒத்துவரவில்லை, வயரைப் பிடித்துக்கொண்டார். ஐம்பதை நெருங்கிய வயது. பேசிக்கொண்டே வேலை செய்வார், வேலை செய்துகொண்டே அடுத்தவரை வம்புக்கிழுப்பார். பக்கத்து ஆலையில் உலை ஏற்றும்போது பேட்டை முழுக்க பல்பு மங்கும். மேடத்துக்கு அது ஆகாது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் கோடு இறங்கிவிடும், புரதம் இல்லாமலேயே இருப்பது போலக் காட்டிவிடும். அதனால் பாய் ஒரு ஸ்டெபிலைசரை வைத்து, அதற்குப் பின்னால் லாரி பேட்டரிகளை அடுக்கி, விளக்கை அதில் ஓடவிட்டார். காலையில் வந்ததும் முதலில் அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் திறப்பார். "இது ஊட்டு லைட்டு மாதிரி இல்லமா. மாப்பிள்ள மாதிரி. கொஞ்சம் கரண்டு கொறஞ்சா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கும்" என்பார் என்னிடம்.

அந்த வருஷம் நோன்பும் ஆயுத பூஜையும் ஒரே மாதத்தில் வந்தன. பாய் நோன்பில் இருந்தார். ஆனாலும் பூஜைக்கு அவர்தான் எல்லோருக்கும் முந்தி. கம்பெனியில் எல்லா மிஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுப்பது வழக்கம். மேடம் லீவுக்குச் சென்னை போய்விட்டார். நான் வாசலில் கோலம் போட்டுவிட்டுப் பொரி கட்டிக்கொண்டிருந்தேன். பாய் சந்தனக் கிண்ணத்தோடு மின்சாரப் பலகை ஒவ்வொன்றுக்கும் போய் வந்தார். டேங்க் லாரி ஓட்டுகிற டிரைவர் சீண்டினார்.

"இன்னா பாய், எங்க சாமிக்கு நீ பூச போட்டுக்கினு கீற?"

"சந்தனம் உனக்கு மட்டுமா எழுதி வெச்சிக்குது? எங்க தர்காவுல வந்து பாரு, கொடம் கொடமா பூசுவாங்க."

அவர் பங்குப் பொரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நோன்பு திறக்கும்போது சாப்பிடுவதாகச் சொன்னார்.

லீவு முடிந்து மேடம் வந்தார். அதுவரை பாட்டிலில் வாங்கிய புரதத்தை உப்புத் தண்ணீரில் கலந்துதான் பார்த்திருந்தார். இப்போது மனித ரத்தம் வைத்துப் பார்க்க வேண்டும். டெல்லியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள், அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடரும். நோய் இல்லாதவர்களின் ரத்தம் எப்படிக் காட்டுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு நாங்கள்தான். கம்பெனிக்காரர்கள் எல்லோரும் விருப்பப்பட்டுக் கொடுத்தோம். குழாய்களில் பெயர் எழுதக் கூடாது, யாருடையது என்று தனக்குத் தெரியக் கூடாது என்றார் மேடம். மூடிகள் பல நிறம். பாய் பச்சை மூடியைக் கேட்டு வாங்கினார், அதை எல்லோரும் பார்த்தோம். மேடமும் பார்த்தார்.

தகடுகளை லீவுக்கு முன்பே அளந்து, இருட்டில் பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ரத்தம் படாதபோது எவ்வளவு கரண்ட் கொடுக்கும் என்பது தெரியும். இப்போது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை வைத்து அளந்தார். முதல் குழாய்க்குக் கோடு பாதியில் நின்றது. இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும். எங்கள் எல்லோருக்கும் ஈரல் போய்விட்டதாக மிஷின் சொன்னது. செய்தி ஹாலைத் தாண்டி டேங்க் பட்டறைக்குள் போக ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

டிரைவர் ஓடி வந்தார். "மேடம், எனக்கு எத்தினி நாளு? இன்னிக்கே ஒரு குவாட்டர் அடிச்சிக்கலாமா?"

பாய் விடவில்லை. "நீ குடிச்ச, உனக்கு வந்துச்சி, சரி. நான் ஒரு சொட்டு தொட்டதில்ல, எனக்கும் வந்துகீது பாரு. வா, ஒரே வேனப் புடிச்சி எல்லாரும் ஒண்ணா போய்டலாம். தனித்தனியா போனா பேஜாரு."

மேடம் சிரிக்கவில்லை. ரத்தமே படாத ஒரு தகட்டை எடுத்து வெறும் உப்புத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். அதற்கும் கோடு பாதிதான் ஏறியது. அந்தத் துகள்கள் நாள்பட்டால் கெட்டுப்போகும். எல்லாம் கெட்டுவிட்டது, டெல்லிக்காரர்கள் வரும்போது காட்ட எதுவும் இருக்காது என்று நினைத்திருப்பார். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எதையோ நினைத்தவர் போல எழுந்து பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். விளக்கின் முன்னால் இருக்கிற வட்டக் கண்ணாடியில், நட்டநடுவில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம். அதன்மேல் குங்குமம். சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது.

பாய் எட்டிப் பார்த்தார். "நான்தான் மேடம் வெச்சேன்" என்றார். "ஸ்டெபிலைசருக்கு வெச்சேன், பேட்டரிக்கு வெச்சேன். மெயினு அதானே, அத்த உட்டுட்டு எப்டி?" அன்று காலையும் பெட்டியைத் திறந்து பார்த்தவர்தான். அவர் கண்ணுக்கு அது குறையாகப் படவில்லை. பூஜைச் சந்தனத்தை யாரும் துடைக்கமாட்டார்கள், தானாக உதிர வேண்டும்.

மேடம் சத்தமாகச் சிரித்ததை நான் அன்று ஒரு முறைதான் கேட்டேன். புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பாய் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கண்ணாடியைத் துடைத்தார். ஒருமுறை முணுமுணுத்துவிட்டுத் துடைத்தார், யாரிடம் மன்னிப்புக் கேட்டாரோ தெரியாது.

புதுத் தகடுகள் செய்து மறுபடி அளந்தோம். வெறும் தகட்டில் கோடு முழுதாக ஏறியது. என் ரத்தம், டிரைவரின் ரத்தம், வெல்டர்களின் ரத்தம் எல்லாவற்றுக்கும் கொஞ்சம்தான் இறங்கியது, எல்லாம் ஒரே மாதிரி. பச்சை மூடி கடைசியில் வந்தது. பாய் மேடத்தின் பின்னால் நின்றிருந்தார். டக் என்று தடுப்பு திறந்தது. கோடு ஏறிப் பாதியில் நின்றது. மேடம் தகட்டை மாற்றினார். வேறு தகட்டிலும் அங்கேயே நின்றது.

"இன்னும் சரியா தொடைக்கல மேடம்" என்றார் பாய். பஞ்சை எடுத்து வந்து மறுபடி துடைத்தார். மேடம் தள்ளி நின்று வழி விட்டார். துடைத்த பிறகு என் குழாயை வைத்து அளந்தார், சரியாக இருந்தது. பச்சை மூடியை வைத்தார். பாதி. பாய் மீண்டும் பஞ்சைத் தேடினார்.

மறுநாள் மேடம் அவரைக் கூப்பிட்டுப் பேசியபோது நான் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். "பாய், ஆஸ்பத்திரில ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துடுங்க. முன்னாடி உங்களுக்கு ஜாண்டிஸ் வந்திருக்குன்னு சொன்னீங்க இல்ல?"

"அது கல்யாணத்துக்கு முன்னாடி மேடம். இத்த மிஷின் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

மேடத்துக்குப் பொய் வராது. "மிஷின்தான் சொல்லுது. அதை நம்பலாமான்னு எனக்கே இன்னும் தெரியல."

"அப்ப உடுங்க. அன்னிக்கு எல்லாருக்கும் சொல்லிச்சி, இன்னிக்கு எனக்கு மட்டும் சொல்லுது. நாளிக்கி அதுவே சரியாப் பூடும். பெருநாளு முடியட்டும்."

இன்றைக்கு நினைத்தால், அந்த இடத்தில் மேடம் வேறு பதில் சொல்லியிருந்தால் பாய் போயிருப்பார் என்று தோன்றுகிறது. நம்பலாம், போங்கள் என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்த வார்த்தைக்காகத்தான் மேடம் அத்தனை வேலையும் செய்துகொண்டிருந்தார். அது இன்னும் கையில் வராதபோது வந்துவிட்டதாகச் சொல்ல அவரால் முடியவில்லை. மூன்று நான்கு முறை மறுபடி கேட்டார். தானே காரில் அழைத்துப் போவதாகச் சொன்னார். நோன்பில் ஊசி வேண்டாம் என்றார் பாய். விரலில் குத்தி ரத்தம் கொடுத்ததும் நோன்பில்தான் என்று நான் சொன்னேன். "அது வேல, இது வேற" என்றார். உடம்பு இளைத்தது நோன்பால், களைப்பு நோன்பால், பசி இல்லாததும் நோன்பால். எல்லாவற்றுக்கும் காரணம் தயாராக இருந்தது. தினமும் காலையில் வந்து கண்ணாடியை மட்டும் துடைத்தார். அது துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

டெல்லியிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர். மேடம் எல்லாவற்றையும் விளக்கினார். டக், டக் என்று தடுப்பு திறந்து மூடியது, கோடு ஏறி இறங்கியது. எங்கள் ரத்தத்தின் அளவுகளைக் காட்டினார், பச்சை மூடியைத் தவிர. அவர்களில் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டதைப் பிறகு மேடமே எனக்குச் சொன்னார். நோய் உள்ளவர் ரத்தத்தில் இது வேலை செய்கிறதா என்று கேட்டிருக்கிறார். பாய் அப்போது ஸ்டெபிலைசர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், வந்தவர்களைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தபடி. மேடம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் இல்லை, நோயாளி ரத்தம் கிடைக்கவில்லை என்று பதில் சொல்லியிருக்கிறார்.

பெருநாளுக்கு மறுநாள் பாய் புதுச் சட்டையில் வந்தார். பழைய அளவுக்குத் தைத்த சட்டை. கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். பிறகு மழை பிடித்துக்கொண்டது. பழவேற்காட்டுப் பக்கம் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடியது, அவர் பல நாள் வேலைக்கே வரவில்லை. மழை விட்டு வந்தபோது கண் மஞ்சளாக இருந்தது, வயிறு உப்பியிருந்தது. யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. டிரைவரே லாரியை நிறுத்திவிட்டு, மேடத்தின் காரில் அவரைச் சென்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே அதே புரதத்துக்கு வேறு விதமாக ஒரு டெஸ்ட் உண்டு. அதைப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டிரைவர் போனில் மேடத்திடம் சொன்னார். மேடம் கேட்டுவிட்டு போனை வைத்தார். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தகட்டில் பூச ஆரம்பித்தார். நானும் குடுவைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அது ஆரஞ்சைத் தாண்டிச் சிவப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதை நிறுத்தவில்லை.

மாம்பழம் வருவதற்கு முன் பாய் போய்ச் சேர்ந்தார். டெல்லியிலிருந்து பதில் வந்ததா, வந்து சரியில்லையா, எனக்குத் தெரியாது. முதலாளிக்கு ஹால் வேண்டியிருந்தது. மேடம் ஏதோ கல்லூரிக்குப் பாடம் சொல்லப் போனார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அந்த ஒரு முறைதான் கிளம்ப மனமில்லாமல் கிளம்பினேன். அதற்குப் பிறகும் நிறைய இடம். இப்போது மணவாள நகரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் சமைக்கிறேன். தெருமுனையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடை இருக்கிறது. அங்கே சுவரில் ஒட்டிய பட்டியலில் அந்தப் புரதத்தின் பெயரும் இருக்கிறது, சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் கீழே. காலையில் கொடுத்தால் சாயந்திரம் சீட்டு. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் போகிற போக்கில் கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

பாய் போன பிறகு மேடமும் நானும் பழவேற்காட்டுக்கு ஒரு முறை போனோம். டிரைவர்தான் கார் ஓட்டினார். பாயின் மனைவி இத்தாவில் இருந்தார், புருஷன் போனபின் நாலு மாதத்துக்கு மேல் வெளி ஆண்கள் முகம் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலம். அதனால் டிரைவர் வாசலோடு நின்றுகொண்டார், நாங்கள் இரண்டு பேர் உள்ளே போனோம். வெள்ளைப் புடவை. பாயைவிட உயரமானவர். எங்களை உட்காரவைத்து, டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு, வந்ததும் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டார்.

"மேடம், அந்த மிஷினு நோன்பு மாசத்துலயே சொல்லிச்சாமே. டிரைவரு சொன்னாரு. நெசமா?"

"ஆமா" என்றார் மேடம்.

"அவரு என்கிட்ட சொல்லவே இல்ல. கேட்டா, சந்தனத்தத் தொடைக்கணும் சந்தனத்தத் தொடைக்கணும்னு தனியா பேசிக்கினு இருப்பாரு. எனக்கு ஒண்ணும் புரியாது." மறுபடி மேடத்திடம் கேட்டார். "சரியாத்தான் சொல்லிச்சா?"

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். மாதக் கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை.

"சரியாத்தான் சொல்லிச்சு. தப்பே இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுவார், கத்துவார், அப்போதே ஏன் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். டீ வந்தது. அந்த அம்மா தானே எடுத்து மேடத்தின் கையில் கொடுத்தார்.

"எப்டி தப்பா சொல்லும் மேடம்?" என்றார். "அவரு போட்ட லைட்டாச்சே."

மேடம் டம்ளரை வாங்கிக்கொண்டார். சூடாக இருந்தது. அப்படியே குடித்தார்.